எக்ஸ்ப்ளெயின் என்ற சொல்லைத் தேடிப் போன கார்த்திகை

என் வயதுக்காரர்களே, உங்கள் வீட்டிலும் இதே கூத்துதானா? என் பேரன் எது புரியாவிட்டாலும் போனை எடுத்து வாயருகே வைத்துக்கொண்டு 'எக்ஸ்ப்ளெயின்' என்கிறான். பால் ஏன் திரிகிறது, பூனை ஏன் சுவரோரமாகவே நடக்கிறது, எல்லாவற்றுக்கும் அந்த ஒரு சொல்தான். போனும் சளைக்காமல் கொட்டுகிறது. அவன் பாதியிலேயே அணைத்துவிட்டு விளையாடப் போய்விடுகிறான். நான்தான் மீதியைக் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன்.

பணி ஓய்வு பெறும்வரை பிள்ளைகளுக்கு இங்கிலீஷ் சொல்லிக்கொடுத்தவள் நான். கேள்வித்தாளில் அந்தச் சொல்லை எத்தனையோ தடவை என் கையாலேயே எழுதியிருக்கிறேன். எழுதும்போதெல்லாம் ஒரு கார்த்திகை மாதம் கண் முன்னால் வந்து நிற்கும். கை ஒரு நொடி நின்றுவிட்டுத்தான் மேலே ஓடும். இதுவரை யாரிடமும் இதை முழுதாகச் சொன்னதில்லை. நீங்கள் அந்தக் காலத்து ஆட்கள், உங்களிடம் சொல்லலாம்.

எங்கள் ஊர் கடலாடிக்கும் சாயல்குடிக்கும் நடுவில். கண்மாய் நிறைந்தால் நெல், அரைகுறையாக நின்றால் மிளகாய், அதுவும் இல்லையென்றால் கருவேலத்தை வெட்டிக் கரிமூட்டம். அய்யாவுக்கு, அப்பாவை நாங்கள் அப்படித்தான் கூப்பிடுவோம், அந்தக் கண்மாயின் மடையைத் திறந்து அடைக்கிற சர்க்கார் வேலை. லஸ்கர் என்பார்கள். பெயர்தான் கப்பல் ஆள் மாதிரி, வேலையெல்லாம் சேற்றில்தான்.

அந்த வேலைக்கு அடையாளம் மடைச்சாவி. சாவி என்றதும் இடுப்பில் செருகுகிற சாவி என்று நினைத்துவிடாதீர்கள். என் உயரத்துக்கு இருந்த இரும்புத் தண்டு அது. தலையில் குறுக்காக ஒரு கைப்பிடி. அதை மடையின் திருகில் மாட்டி, அய்யா உடம்பு முழுவதையும் சாய்த்துச் சுற்றினால்தான் பலகை மேலே ஏறும். வீட்டில் கதவுக்குப் பின்னால் சாய்த்து வைத்திருப்பார். கிரீசும் துருவும் கலந்த ஒரு நெடி. அம்மா எவ்வளவு சாம்பிராணி போட்டாலும் அந்த நெடிதான் எங்கள் வீட்டின் வாசனை. பள்ளிக்கூடம் விட்டு வரும்போது தெருமுனையிலேயே எனக்கு அது வந்துவிடும். அந்த இரும்பு இப்போது எந்தப் பழைய இரும்புக் கடையில் எடைக்குப் போனதோ.

மேலே போவதற்கு முன்னால் எங்கள் பக்கத்து வழக்கம் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். ஊர்க்கூட்டத்தில் ஒருவர் மேல் பிராது வந்தால், ஆடு மேய்ந்ததோ வரப்பு வெட்டியதோ, அந்த ஆள் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு சபை முன்னால் நெடுஞ்சாண்கிடையாக விழுவார். விழுந்துவிட்டால் முடிந்தது. பெரியவர் ஒருவர் 'எந்திரி' என்பார். எழுந்து மண்ணைத் தட்டிவிட்டுப் பிராது கொடுத்தவரோடே உட்கார்ந்து வெற்றிலை போடலாம். 'ஏம்ப்பா இப்படிச் செஞ்ச?' என்று சபை கேட்கும்தான். ஆனால் அது பதிலுக்காகக் கேட்கிற கேள்வி இல்லை. விழாமல் நின்று காரணம் சொன்னவனுக்குச் 'சபையில எதுத்துப் பேசுனவன்' என்று பெயர் வந்துவிடும். அந்தப் பெயர் அவன் பேரப்பிள்ளைக்குப் பெண் பார்க்கும்வரை கூடவே வரும்.

அந்தக் கார்த்திகையில் அடைமழை. வருடக்கணக்கில் பாதிகூட நிரம்பாத கண்மாய் கரையை முட்டிக்கொண்டு நின்றது. ஊரே சந்தோஷத்தில் இருந்த நேரத்தில், ஒரு ராத்திரி அய்யா சாவியைத் தோளில் போட்டுக்கொண்டு போய் மடையைத் திறந்துவிட்டார். முறைத் தண்ணீர் விடுகிற நாளும் இல்லை, மேலிருந்து உத்தரவும் இல்லை. விடியும்வரை தண்ணீர் ஓடை வழியாக ஓடிக் கடலுக்குப் போய்விட்டது. கடைமடையில் வயல் வைத்திருந்தவர்கள் கொதித்துப்போனார்கள்.

"குடிச்சுப்புட்டுத் தொறந்து விட்டுட்டாம்ப்பா" என்றார் ஒருவர். என் அய்யா பதநீருக்கே யோசிக்கிற மனுஷன்.

கூட்டம் கூடியது. அய்யா விழுந்தார். 'எந்திரி' என்றார்கள், எழுந்தார். ஊர் அளவில் அது முடிந்துபோன விஷயம். ஆனால் கடைமடைக்காரர் யாரோ ராமநாதபுரம் வரை போய்ச் சொல்லிவிட்டார்கள். அதனால்தான் ஒரு வியாழக்கிழமை ஜீப்பு வந்தது.

ஜீப்பில் வந்த அதிகாரி வயதில் சின்னவர். வெள்ளைக் கான்வாஸ் ஷூ போட்டுக்கொண்டு எங்கள் கரிசல் சேற்றில் இறங்கிய தைரியசாலி. கண்மாய்க் கரையில் ஊரே கூடி நின்றது. அவர் அய்யாவைப் பார்த்து, "நீதான் லஸ்கரா? யாரைக் கேட்டு ஷட்டரைத் திறந்தே? எக்ஸ்ப்ளெயின் பண்ணு" என்றார்.

அய்யா துண்டை எடுத்து இடுப்பில் கட்டினார். விழுந்தார்.

அதிகாரி பாம்பை மிதித்தவர் மாதிரிப் பின்னால் துள்ளினார். "ஐயையோ, எந்திரிங்க! நான் கால்ல விழவா சொன்னேன்? எக்ஸ்ப்ளெயின் பண்ணுங்கன்னு சொன்னேன்."

கூட்டத்தில் ஒருவரையொருவர் பார்த்து முழித்தார்கள். விழுந்த பிறகும் ஒரு ஆளிடம் இன்னும் என்ன கேட்பது? இதற்கு மேல் என்னதான் செய்யச் சொல்கிறார்? அய்யா எழுந்து, கையைக் கட்டிக்கொண்டு தரையைப் பார்த்தபடி நின்றார். அதிகாரிக்கும் சங்கடமாகிவிட்டது. கெட்டவர் இல்லை அவர்.

"சரி, அடுத்த வியாழக்கிழமை வர்றேன். யோசிச்சு வைங்க. அன்னைக்கு ஒழுங்கா எக்ஸ்ப்ளெயின் பண்ணலேன்னா சாவியை ஒப்படைச்சிட வேண்டியதுதான். அதுக்கப்புறம் நான் ஒண்ணும் செய்ய முடியாது."

ஜீப்பு போனதும் எங்கள் வீட்டில் அடுப்பு அணைந்த மாதிரி ஆகிவிட்டது. அய்யாவின் வேலை ஒரே ஒரு இங்கிலீஷ் சொல்லில் தொங்கிக்கொண்டிருந்தது, அந்தச் சொல்லுக்கு அர்த்தம் தெரிந்தவர் ஊரில் ஒருவரும் இல்லை. சொந்தக்காரர்கள் துக்கம் விசாரிக்க வருவதுபோல வந்து போனார்கள். அய்யாவின் அண்ணன், என் பெரியய்யா, தினமும் சாயங்காலம் வந்து நிலைப்படியோரம் உட்காருவார். ஒன்றும் பேச மாட்டார். காபி கொடுத்தால் ஆறவிட்டுவிட்டு எழுந்து போய்விடுவார். வரப்போகும் தை மாதம் அவர் மகளுக்கு, எங்கள் அக்காவுக்கு, கல்யாணம் வைத்திருந்தது. அந்தக் கவலையாக இருக்கும் என்று நினைத்துக்கொண்டோம்.

மாமா வந்தார். அம்மாவின் தம்பி. ராமநாதபுரத்தில் ஆபீசுகளுக்கு டீ கொண்டுபோய்க் கொடுத்தவர் என்பதால் ஆபீஸ் விவகாரத்தில் எங்கள் குடும்பத்துக்கு அவர் சொல்வதுதான் சட்டம்.

"எக்ஸ்ப்ளெயின்னு வாயால சொல்லிட்டாகன்னா, ஆளு பாதி வீட்டுக்குப் போயிட்டான்னு அர்த்தம்க்கா."

"ஒனக்கு நல்லாத் தெரியுமாடா?"

"டீ கிளாசக் கையில வச்சுக்கிட்டு என் காதால கேட்ருக்கேன். மச்சான் விழுந்தது பத்தாது. அடுத்த தடவ ஜீப்புலருந்து எறங்கும்போதே விழுந்துறணும்."

"அந்த மனுசனுக்கு விழ மட்டுந்தான் தெரியும்" என்று அம்மா பாத்திரத்தைப் போட்டு உடைக்காத குறையாக வைத்தாள். "இத்தன வருசம் சர்க்கார்ல இருந்து ஒரு வார்த்த தெரியல. சாவி போகப் போகுது, பாரு."

அய்யா முற்றத்தில் உட்கார்ந்து காலில் ஒட்டியிருந்த சேற்றைக் குச்சியால் சுரண்டிக்கொண்டிருந்தார். அவரைப் பார்க்கப் பாவமாகவும் இருந்தது, எரிச்சலாகவும் இருந்தது. நான் அப்போது ஆறாம் வகுப்பு. இங்கிலீஷ் ஆரம்பித்துச் சில மாதங்கள்தான் ஆகியிருந்தன. அந்தச் சொல் எங்கள் பாடப் புத்தகத்திலேயே இருந்தது. அதற்குக் கீழே இருந்த பதிலைத்தான் மனப்பாடம் செய்தோமே தவிர, சொல்லை யாரும் சீண்டவில்லை. நான் கண்டுபிடித்துக்கொண்டு வருகிறேன் என்று கிளம்பினேன்.

முதலில் சாயல்குடி பஸ் கண்டக்டர்.

"எக்ஸ்ப்ளெயினா? செக்கிங் ஏறி, டிக்கெட் இல்லாத ஆளு ஒருத்தன் வண்டிக்குள்ள இருந்தான்னு வையி, எங்கிட்ட கேப்பாக பாரு, அதான் எக்ஸ்ப்ளெயின். அதுக்குப் பதில் சொல்லித் தப்பிச்ச கண்டக்டர இன்னும் நான் பாக்கல. அது கிடக்கட்டும், நீ டிக்கெட் எடுத்தியா?" என்று சொல்லி விசிலை ஊதினார்.

அடுத்தது ஆஸ்பத்திரி கம்பவுண்டர். மருந்தை அட்டை பிரித்துக் கொடுத்துக்கொண்டே, "இந்த மாத்திர சாப்பாட்டுக்கு முன்னாடி, இது பின்னாடின்னு பொறுமையாச் சொன்னா அது எக்ஸ்ப்ளெயின். அதையே கோவமாச் சொன்னா அட்வைஸ்" என்றார். கண்டக்டர் சொன்னதற்கும் இதற்கும் ஒட்டவே இல்லை. ஒருவருக்கு அது தூக்குமேடை, இன்னொருவருக்கு மாத்திரை. ஒரே சொல் எப்படி இரண்டாகவும் இருக்கும் என்று பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து யோசித்துக்கொண்டே வந்தேன். பயத்தையும் மீறி அந்தச் சொல்லின் மேல் எனக்கு ஒரு ஆசை வந்துவிட்டது. இப்போது யோசித்தால், நான் என்னவாகப் போகிறேன் என்பது அந்த ஜன்னலோரத்தில்தான் முடிவாகியிருக்க வேண்டும்.

கடைசியாக இங்கிலீஷ் டீச்சர். பாம்பன்காரர். திங்கட்கிழமை காலையில் ஊரிலிருந்து வந்தாரென்றால் அவர் பையில் இருக்கும் கருவாட்டின் வாடை அவருக்கு முன்பாக வகுப்பில் ஆஜராகியிருக்கும். அவரிடம் ஒரு தடித்த அகராதி இருந்தது. பழைய பாய்மரத் துணியில் அட்டை போட்டது, தொட்டால் உப்பு ஒட்டும். நான் கேட்டதும், "அதுக்குப் போயி அகராதியா? விளக்கிச் சொல்றது, அவ்வளவுதான்" என்றார். பிறகு என் முகத்தைப் பார்த்து என்ன தோன்றியதோ, அட்டையைத் திறந்தார். படித்தார். மறுபடியும் படித்தார்.

"அட, இத நான் பாத்ததே இல்லையே. லத்தீன்னு ஒரு பழைய பாஷ இருந்துச்சு. அதுலருந்து வந்துருக்கு. மட்டமா இருக்கிற தரைக்கு அதுல ஒரு சொல்லு. மேடு பள்ளமாக் கிடக்கிறத நிரவி, நல்லா மட்டமாக்குறதுதான் எக்ஸ்ப்ளெயினோட ஆதி அர்த்தம்."

"தரையவா டீச்சர்?"

"மொதல்ல தரையத்தான் சொல்லிருப்பாங்க போல. அப்புறம் பேச்ச."

இரண்டு பேரும் அந்தப் பக்கத்தையே பார்த்துக்கொண்டிருந்தோம். மணி அடித்ததுகூட எங்களுக்குக் கேட்கவில்லை.

பிற்பாடு நானே டீச்சரான பிறகு அந்தச் சொல்லை விடாமல் துரத்தியிருக்கிறேன். தச்சர் பலகை இழைக்கிற கருவிக்கு இங்கிலீஷ்காரர்கள் வைத்த 'ப்ளேன்' என்ற பெயரும் அதே வேரில் முளைத்ததுதான். ஒரு காலத்தில் இங்கிலாந்தில் மரத்தின் மொட்டு பிரிந்து இலை விரிவதைக்கூட எக்ஸ்ப்ளெயின் என்றே எழுதியிருக்கிறார்கள். சுருண்டிருந்த இலை மட்டமாக விரிகிறதல்லவா? நம் தமிழில் விளக்குவது வெளிச்சம் போடுகிற வேலை. அவர்களுக்கு அது மண்வெட்டி வேலை. இதைச் சொன்னால் பிள்ளைகள் கொட்டாவி விடுவார்கள். எனக்கு மட்டும் ஒவ்வொரு தடவையும் உடம்பு சிலிர்க்கும்.

அன்றைக்குச் சாயங்காலம் புத்தகப் பையோடு நேராகக் கண்மாய்க்கு ஓடினேன். அய்யா கரையில் ஒரு இடத்தில் நின்று மண்ணை மிதித்துக்கொண்டிருந்தார். ஈரக் கரிசல் வாசனை, தவளைச் சத்தம், சாயல்குடிப் பக்கமிருந்து உப்புக் காற்று. மூச்சிரைக்கச் சொன்னேன்.

"அய்யா, கண்டுபிடிச்சுட்டேன். மேடு பள்ளமாக் கிடக்கிறத நெரவி மட்டம் பண்றதுக்குப் பேருதானாம். பேச்ச அப்படிப் பண்ணணுமாம்."

"எக்ஸ்ப்ளெயின்" என்றார் அய்யா. நான் சொல்வதைவிட நறுக்கென்று சொன்னார். எத்தனை அதிகாரிகளின் பின்னால் இந்தக் கரையில் நடந்தவர். எனக்கு அப்போதுதான் உறைத்தது.

"ஒங்களுக்கு முன்னாடியே தெரியுமா?"

அவர் மண்ணை மிதிப்பதை நிறுத்தினார். "மேட்ட வெட்டித்தான தாயி பள்ளத்த நெரவணும்?" என்றார்.

"ஆமா."

"மேடு யாரு?"

எனக்குப் புரியவில்லை. அய்யா தாடையால் தண்ணீரைக் காட்டினார். "இங்கன, கரைக்கு உள்பக்கம், கோடையில கண்மா காஞ்சு கிடந்தப்ப ஒங்க பெரியய்யா வண்டி வண்டியா மண்ணு அள்ளுனாரு. அக்கா கல்யாணத்துக்குப் பந்தல் போட வீட்டு முன்னாடிப் பள்ளத்த மேடாக்கணும்னு. கரை அடி அரிச்சுப் போச்சு. மழையில நெறஞ்சதும் இங்கனதான் ஒழுக ஆரம்பிச்சுச்சு. அன்னைக்கு ராத்திரி தொறக்காம இருந்தா விடியுறதுக்குள்ள கரை போயிருக்கும். ஊரும் போயிருக்கும்."

"அத அப்படியே சொல்லிர வேண்டியதுதானய்யா! ஒங்க வேல போகாதுல்ல?"

"சொன்னா, கரை ஏன் ஒழுகுச்சுன்னு அடுத்த கேள்வி வரும். கண்மாக் கரைய வெட்டுனா கேசு. தையில மாப்ள வீட்டுக்காரன் வரும்போது ஒங்க பெரியய்யா எங்கன இருப்பாரு? ஜெயில்லயா?"

"அப்ப என்ன செய்யப் போறீக?"

"பாப்பம். அம்மாட்ட சொல்லிறாத" என்றார். மறுபடியும் மிதிக்க ஆரம்பித்தார்.

வியாழக்கிழமைக்கு மிச்சமிருந்த நாளெல்லாம் நான் சாவியையே பார்த்துக்கொண்டிருந்தேன். அம்மா அய்யாவை மட்டி என்று திட்டும்போதெல்லாம் நாக்கின் நுனிவரை வரும். விழுங்கிக்கொள்வேன். அய்யா மேல் எனக்குப் பொல்லாத கோபம். பெரியய்யா மேல் அதைவிடக் கோபம். நிலைப்படியில் அவர் காபியை ஆறவிட்டதற்குக் காரணம் அப்போது புரிந்திருந்தது. ஆனாலும் அவர் முகத்தைப் பார்க்கப் பிடிக்கவில்லை.

வியாழக்கிழமை வந்தது. முதல் நாள் ராத்திரி மழை பெய்து கரையெல்லாம் சொதசொதவென்று கிடந்தது. ஊர் மொத்தமும் வந்திருந்தது. அம்மா முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு பின்னால் பெண்களோடு நின்றாள். மாமா, அய்யா ஜீப்பை நோக்கி ஓடவில்லையே என்று தவித்துக்கொண்டிருந்தார். நான் சின்னப் பிள்ளைகளோடு முன்னால் குத்தவைத்து உட்கார்ந்திருந்தேன். அய்யாவுக்குப் பக்கத்திலேயே பெரியய்யா நின்றார். மடைச்சாவி மதகில் சாய்ந்திருந்தது.

அதிகாரி இந்தத் தடவை மதகுச் சுவரில் உட்கார்ந்துகொண்டார். "பயப்படாதீங்க. நிதானமா எக்ஸ்ப்ளெயின் பண்ணுங்க. நான் கேக்குறேன்" என்றார். நிஜமாகவே கேட்கத் தயாராக இருந்தார் அந்த மனிதர். அதுதான் எனக்கு இன்றைக்கும் ஆறாத விஷயம்.

அய்யா தரையிலிருந்து கண்ணை எடுத்து அவரைப் பார்த்தார். சொல்லப் போகிறார் என்று நினைத்தேன். சொல்லுங்க அய்யா, சொல்லுங்க என்று மனசுக்குள் கத்தினேன்.

பெரியய்யாதான் வாயைத் திறந்தார். "சார், அது வந்து..."

அய்யா விழுந்தார்.

சேறு என் பாவாடை வரை தெறித்தது. ஊர் பார்த்தது அவர் விழுந்ததை. 'அட, இவன் திருந்த மாட்டான்' என்று யாரோ முணுமுணுத்தார்கள். தரையோடு உட்கார்ந்திருந்த எனக்கு மட்டும் அவர் வலது கை தெரிந்தது. அது கும்பிடவில்லை. பெரியய்யாவின் கணுக்காலை இறுக்கிப் பிடித்திருந்தது. விரல்முட்டி வெளுக்கிற அளவுக்குப் பிடி. பெரியய்யாவின் வாய் திறந்தபடியே நின்று, மெல்ல மூடியது.

"என் தப்புதான் சார். தெரியாமத் தொறந்துட்டேன்" என்று சேற்றைப் பார்த்தபடி அய்யா சொன்னார்.

அதிகாரி வேறு ஏதாவது வரும் என்று நினைத்திருப்பார். பிறகு எழுந்து, "உங்களுக்கு எப்படிப் புரிய வைக்கிறதுன்னே எனக்குத் தெரியலைங்க" என்றார். சாவியை டிரைவர் தூக்கி ஜீப்பில் போட்டார். அது உள்ளே அடங்கவில்லை. பாதி வெளியே நீட்டிக்கொண்டே போனது.

வீட்டுக்கு வந்ததும் அம்மா அழவில்லை, திட்டவும் இல்லை. அய்யா பக்கமே திரும்பாமல் உலை வைத்தாள். கதவுக்குப் பின்னால் சுவரில் ஒரு கறுப்புக் கோடு மட்டும் இருந்தது. அய்யா கையைக்கூடக் கழுவாமல் அந்தச் சுவருக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தார். எனக்கு அவரைக் கட்டிக்கொள்ள வேண்டும் போலிருந்தது. வெட்கமாக இருந்ததால் பக்கத்தில் போய் உட்கார்ந்துகொண்டேன்.

இருட்டுவதற்கு முன்னால் பெரியய்யா வந்தார். வழக்கமாக உட்காரும் நிலைப்படிவரைகூட வராமல் வாசலிலேயே நின்றுவிட்டார். அம்மா யாரென்று எட்டிப் பார்த்தாள். அவள் பார்வை தரைக்குப் போயிற்று. பெரியய்யாவின் கணுக்காலில் கரிசல் சேறு காய்ந்து, நாலு விரலும் ஒரு பெருவிரலும் பதிந்த தடம் அப்படியே இருந்தது.

அம்மா அதை வெகுநேரம் பார்த்தாள். திரும்பி அய்யாவின் கையைப் பார்த்தாள். அவள் ஒன்றும் கேட்கவில்லை, யாரும் அவளுக்கு ஒன்றும் சொல்லவில்லை. உள்ளே போய் ஒரு செம்பில் தண்ணீர் மொண்டு வந்து வாசலில் வைத்தாள்.

"கால கழுவிட்டு உள்ள வாங்க மச்சான். சோறு ஆறுது."

பெரியய்யா குனிந்து செம்பை எடுத்தார். தன் காலைப் பார்த்தார். தண்ணீரைச் சிந்தாமல் செம்பைக் கீழே வைத்துவிட்டு, அந்தக் காலோடே உள்ளே வந்து அய்யாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார்.